ஐம்பத்தொன்றாவது பீஸ்

ஐம்பதாவது பீஸைக் கொண்டுவராதீர்கள், ஐம்பத்தொன்றாவதைக் கொண்டுவாருங்கள் என்று ஒன்பது வருஷமாகக் கத்துகிறேன். ஒருத்தர் காதிலாவது ஏற வேண்டுமே! முதல் பீஸிலிருந்து ஐம்பது தள்ளிப் போனால் வருவது ஐம்பத்தொன்று. ஐம்பதாவதை எடுத்தால் இடைவெளி நாற்பத்தொன்பதுதான். வேலிக்குக் கல்தூண் நடுகிற ஆளுக்குக்கூட இது தெரியும். எங்கள் சூப்பர்வைசர் மோகன்குமாருக்குத் தெரியாது. “ஒரு பீஸுதானங்க மேடம், என்னா ஆயிடப்போவுது?” என்பார். அவர் கிருஷ்ணகிரிக்காரர், நல்ல மனுஷர், கணக்கு என்றால் மட்டும் காத தூரம் ஓடுவார்.

என் பெயர் ஜெயமணி. சொந்த ஊர் சாத்தூர் பக்கம். ஓசூர் சிப்காட்டில், டிராக்டருக்கு ஷாஃப்ட், அதாவது இரும்புத் தண்டு, கடைந்து பெங்களூருக்கு அனுப்புகிற கம்பெனியில் இன்ஸ்பெக்டர். ஏசி போட்ட சின்ன அறை ஒன்று, கருங்கல் மேசை, மைக்ரோமீட்டர்கள், ஒரு அலமாரி. இதுதான் என் ராஜ்ஜியம். வெளியே ஷெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே லேத்துகள் ஓடும்.

லேத்தில் இரும்பைச் சீவுவது டிப் என்கிற சின்னத் துண்டு. அது தேயத் தேய ஷாஃப்டின் விட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வெட்டினால் வருகிற மைக்ரான் கணக்கில் கூடும். எத்தனை பீஸுக்கு எத்தனை மைக்ரான் கூடுகிறது என்று தெரிந்தால், அந்த அளவை மெஷினில் குறைத்துப் போட்டுச் சரிக்கட்டிவிடலாம். அதற்குத்தான் என் சார்ட். கிராஃப் தாளில் முதல் பீஸுக்கு ஒரு புள்ளி, ஐம்பத்தொன்றாவதற்கு ஒரு புள்ளி, ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஐம்பதால் வகுத்தால் கோட்டின் சாய்வு. பத்தாம் வகுப்புக் கணக்கு, அவ்வளவுதான்.

ஒரே டிப் வருஷக்கணக்கில் ஓடினால் ஒரே சார்ட் போதும். 2006 ஏப்ரலில் பர்சேஸ்காரர்கள் வேறு கம்பெனி டிப்பை வாங்கித் தொலைத்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சனிக்கிழமை காலை அது லேத்தில் ஏறிவிட்டது, புது சார்ட் உடனே வேண்டுமாம். போட்டுக் கொடுத்தேன். ஞாயிறு எனக்கு லீவு. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வந்து அறைக் கதவைத் திறக்கிறேன், மோகன்குமார் என் சார்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

“மேடம், பெரிய கூத்தாயிப்போச்சுங்க. சனிக்கிழமை போன லாட்டுல கடைசி ஐம்பது ஷாஃப்டும் அண்டர்சைஸுன்னு நேத்து பெங்களூருல இருந்து போன் வந்துச்சு. அவுங்க லைனே நின்னுப்போச்சாம்.”

“அண்டர்சைஸா? எவ்வளவு?”

“இருபத்தஞ்சுல இருந்து இருபத்தொம்பது மைக்ரான் கம்மியாம்.”

நடு அளவிலிருந்து மேலே பதினைந்து, கீழே பதினைந்து வரைதான் விடுவார்கள். விட்டம் கூடிப்போனால் திரும்பக் கடைந்து சரிசெய்யலாம். குறைந்துபோனால் பழைய இரும்புக் கடைக்குத்தான் போடலாம்.

“லேத்துல யாரு?”

“நம்ம அழகர்சாமிதாங்க.”

உசிலம்பட்டிப் பையன். இரண்டு வருஷமாக டிரெயினி. மாதக் கடைசியில் ட்ரெயினிங் முடிகிறது, பர்மனென்ட் ஆர்டர் தயாராகிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். மூக்கண்டப்பள்ளியில் லைன் வீடு ஒன்று பேசி வைத்திருந்தான். ஆர்டர் கைக்கு வந்ததும் ஊரிலிருந்து பெண்டாட்டியையும் ஐந்து மாதக் குழந்தையையும் கூட்டிவரப் போகிறேன் என்று கேன்டீனில் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

“இன்னிக்குப் பதினோரு மணிக்கு விசாரணைங்க. கவனக்குறைவுன்னு முடிஞ்சுதுன்னா சாயங்காலமே கேட்டுக்கு வெளிய அனுப்பிடுவாங்க. நேத்து விசாரிச்சப்ப, சார்ட்ட பாத்துத்தான் இருபது மைக்ரான் கொறச்சேன்னு சொல்லிக்கினு இருந்தானாம்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் சார்ட்டைப் பார்த்தா? ஒன்பது வருஷத்தில் என் சார்ட்டில் ஒரு புள்ளி தவறியது உண்டா? பொத்தானை மாற்றி அழுத்திவிட்டு என் தலையில் கட்டுகிறானா?

“அதான் நானே கணக்கப் போட்டுப் பாத்தேங்க மேடம்,” என்று மோகன்குமார் ஒரு துண்டுத் தாளை நீட்டினார். “சாய்வு மைனஸ்ல வருதுங்க. டையா கொறஞ்சுக்கினே போவுதுன்னு காட்டுது.”

தலையில் அடித்துக்கொண்டேன். அளவுகளைக் கழிக்கும்போது முதல் பீஸிலிருந்து கடைசியைக் கழித்திருக்கிறார். பீஸ் எண்களைக் கழிக்கும்போது கடைசியிலிருந்து முதலைக் கழித்திருக்கிறார்.

“மோகன், மேல எந்தப் புள்ளியில ஆரம்பிக்கிறீங்களோ கீழயும் அதே புள்ளியிலதான்யா ஆரம்பிக்கணும்! மேல ஒரு வழி, கீழ ஒரு வழின்னு போனா மைனஸ் வராம என்ன வரும்? டிப் தேயத் தேய விட்டம் குறையுமா? லேத்து முன்னால இருபது வருஷம் நின்னவருதான நீங்க?”

“இல்லீங்க, மைனஸா வந்துதுங்களே...”

“வரும்யா வரும்! போங்க, ஒரு டீயக் குடிச்சிட்டு வாங்க!”

அவர் போனதும் சார்ட்டை விரித்தேன். முதல் பீஸ், நடு அளவுக்குக் கீழே பதின்மூன்று. ஐம்பத்தொன்றாவது, மேலே ஏழு. வித்தியாசம் இருபது. ஐம்பதால் வகுத்தால் பீஸுக்கு 0.4 மைக்ரான். ஐம்பது பீஸ் முடிந்ததும் இருபது மைக்ரான் குறைக்கவும் என்று கீழே என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறேன். மறுபடி போட்டேன், அதே விடை. கால்குலேட்டரில் தட்டினேன், அதே விடை. மனசுக்குள் ஒரு குரூர சந்தோஷம்கூட வந்தது, பொய் சொல்லவில்லை. பதினோரு மணிக்கு இந்தத் தாளை எல்லோர் முன்னாலும் விரித்து, வாடா தம்பி, எங்கே தப்பு காட்டு என்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. சார்ட் போட்ட இரண்டு பீஸையும் துணிச் சீட்டுக் கட்டி அலமாரியில் வைப்பது எங்கள் வழக்கம். எடுத்து விசாரணையிலேயே அளந்து காட்டிவிட்டால் யாரும் வாயைத் திறக்க முடியாது. முதல் பீஸை மேசையில் வைத்து அளந்தேன். கீழே பதின்மூன்று, அச்சு மாறவில்லை. ஐம்பத்தொன்றாவதை எடுத்தேன்.

கீழே ஒன்பது.

மேலே ஏழு வரவேண்டிய இடத்தில் கீழே ஒன்பது. மைக்ரோமீட்டரைத் துடைத்து, சுழியம் பார்த்து, மறுபடி அளந்தேன். கீழே ஒன்பது. வேறு மைக்ரோமீட்டர் எடுத்தேன். அதுவும் ஒன்பது என்றது. சனியன், யாராவது பீஸை மாற்றி வைத்துவிட்டார்களா என்று சீட்டைப் பார்த்தேன். என் எழுத்து, என் கையெழுத்து, பீஸ் மீது மோகன்குமார் பச்சை மார்க்கரில் எழுதிய 51.

இரும்பு அலமாரியில் இருந்தபடியே பதினாறு மைக்ரான் இளைக்குமா? இளைக்காது. சூடாக இருந்தது ஆறினால் இளைக்கும். அந்த ஷாஃப்டைக் கையில் பிடித்தபடி நின்றேன், ஐஸ் மாதிரி இருந்தது. சனிக்கிழமை அது என் கையில் எப்படி இருந்தது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை முதல் பீஸ் ஏழரைக்கே என் மேசைக்கு வந்துவிட்டது. டீ குடித்து, ரிஜிஸ்டர் எழுதி, ஒன்பது மணிக்கு மேல்தான் அளந்தேன். ஏசியில் ஒன்றரை மணி நேரம் ஆறிக் கிடந்தது. ஐம்பத்தொன்றாவது வந்தது பத்து மணிக்கு. மோகன்குமார் பழந்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். “மேடம், லாரி ரெண்டு மணிக்கு அத்திப்பள்ளி செக்போஸ்ட்டத் தாண்டணுங்க, சீக்கிரம் பாருங்க” என்றார். நான் வழக்கம்போல, “எத்தனாவது பீஸ்?” என்று கேட்டேன். “ஐம்பத்தொண்ணுங்க மேடம்!” என்றார் பெருமையாக. எனக்கோ ஒரே ஆச்சரியம். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக மனுஷர் சரியான பீஸைக் கொண்டுவந்திருக்கிறார்! அந்தப் பூரிப்பில் “பரவாயில்லையே மோகன், திருந்திட்டீங்களே!” என்று சொல்லிக்கொண்டே துணியைப் பிரித்து, பளபளவென்று இருந்த, இன்னும் சுடுகிற ஷாஃப்டை அப்படியே அளந்து, மேலே ஏழு என்று எழுதினேன். எந்த பீஸாக இருந்தாலும் ஒரு மணி நேரம் ஆறிய பிறகே அளக்க வேண்டும் என்பது இந்த அறையின் முதல் பாடம். புதிதாக வருகிற ஒவ்வொருத்தருக்கும் அதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒரு புள்ளி ஆறிய இரும்பு, ஒரு புள்ளி சுடுகிற இரும்பு. இரண்டையும் ஸ்கேல் வைத்து இணைத்திருக்கிறேன். உண்மையில் கூடியது நாலு மைக்ரான். சாய்வு 0.08. நான் எழுதியது 0.4. அந்தப் பையன் நான் எழுதியபடி இருபது குறைத்திருக்கிறான். குறைத்த பிறகு வந்த ஷாஃப்டுகளும் லேத்திலிருந்து எடுக்கும்போது சூட்டில் உப்பியிருந்ததால் அளவுக்குள் இருப்பது போலவே காட்டியிருக்கின்றன. பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் ஆறி, உண்மையான அளவுக்கு வந்துவிட்டன.

அட, கேடுகெட்டவளே! ஐம்பத்தொன்று ஐம்பத்தொன்று என்று ஊரையெல்லாம் வைதாயே, கையில் சுட்டது உறைக்கவில்லையா?

மணி பத்து. நாற்காலியில் உட்கார்ந்தேன். யாருக்கும் தெரியாது. பீஸை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால் கடைசிவரை தெரியாது. சார்ட்டில் கணக்கு சரி, கூட்டல் கழித்தல் சரி, யார் வந்து பார்த்தாலும் சரி என்றுதான் சொல்வார்கள். ஒன்பது வருஷப் பெயர் எனக்கு. கதவைத் தட்டிவிட்டுத்தான் மேனேஜரே உள்ளே வருவார். வெளியே போகப்போவது ஒரு டிரெயினி. வேறு கம்பெனி கிடைக்காமலா போகும், சிப்காட்டில் கம்பெனிக்கா பஞ்சம் என்று நானே எனக்குச் சொல்லிப்பார்த்தேன். சொல்லும்போதே வாய் கசந்தது. கவனக்குறைவு என்று எழுதி அனுப்பினால் இந்தப் பக்கம் எந்தக் கேட்டிலும் அவனைச் சேர்க்க மாட்டார்கள், அது எனக்கே தெரியும். கால் மணி நேரம் அப்படியே இருந்தேன். பிறகு இரண்டு பீஸையும் சார்ட்டையும் மைக்ரோமீட்டரையும் தூக்கிக்கொண்டு ஆபீஸ் மாடிக்குப் போனேன்.

விசாரணை பதினொன்றுக்கு என்று சொல்லிவிட்டு அதற்குள் ஆரம்பித்திருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பிளான்ட் மேனேஜர் ஹரீஷ்குமார், தினம் பெங்களூரிலிருந்து வந்துபோகிறவர். பக்கத்தில் பர்சனல் ஆபீசர் மாதவன், முன்னால் ஃபைல். ஓரமாக அழகர்சாமி நின்றுகொண்டிருந்தான். யூனிஃபார்ம் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான்.

“ஏன்ரீ ஜெயமணி, உங்கள யாரும் கூப்பிடலையே?” என்றார் ஹரீஷ்குமார்.

“தப்பு என்னோடது சார். இந்தப் பையன் மேல ஒண்ணுமில்ல.”

மூன்று நிமிஷத்தில் சொல்லி முடித்தேன். பீஸை மேசையில் வைத்து அளந்து காட்டினேன். அவர் இன்ஜினியர், இரண்டாவது வாக்கியத்திலேயே புரிந்துவிட்டது. புரிந்ததும் முகம் சுளித்தது.

“ஆய்த்து பிடி” என்றார் கன்னடத்தில். ஆயிற்று, விடுங்கள் என்று அர்த்தம். “நேத்து ராத்திரியே கஸ்டமருக்கு ரிப்போர்ட் போயிருச்சு. ஆபரேட்டர் எர்ரர், ஆக்‌ஷன் எடுக்கிறோம்னு. இப்ப போய் இன்ஸ்பெக்ஷனே தப்புன்னு சொன்னா, இதுவரைக்கும் நாம அனுப்புன மொத்த சரக்கையும் சந்தேகப்படுவாங்க.”

“சந்தேகப்படட்டும் சார்! பழைய சார்ட்டு எல்லாத்துக்கும் பீஸ் அலமாரியில இருக்கு, வந்து அளந்துக்கட்டும். ரிப்போர்ட் தப்புன்னா இன்னொரு ரிப்போர்ட் போடுங்க. தாளுக்கா பஞ்சம்?”

மாதவன் இருமினார். “மேடம், கொஞ்சம் நிதானமா யோசிங்க. பையனே ஒத்துக்கிட்டான். நேத்தே எழுதிக் குடுத்துட்டான்.” ஃபைலைத் திருப்பிக் காட்டினார். கோடு போட்ட தாளில் உருண்டை உருண்டையான எழுத்து. என்னுடைய கவனக்குறைவால் அளவு தவறாகப் போட்டுவிட்டேன், மன்னிக்கவும். கீழே ப. அழகர்சாமி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரை வைகிறோம் என்றே தெரியவில்லை. “ஏம்ப்பா, உனக்கு மூளை இருக்கா? சார்ட்ட பாத்துதான போட்ட? அப்புறம் எதுக்குய்யா இத எழுதிக் குடுத்த? யாராவது மிரட்டுனாங்களா?”

“யாரும் மெரட்டல மேடம்.” அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “மொதல்ல சார்ட்ட பாத்துத்தேன் போட்டேன்னு சொன்னேன். சார்ட்டு மேடம் போட்டது, அதுல தப்பு இருக்குங்கிறியான்னு கேட்டாக. மேடம் போட்ட கணக்கு தப்பா இருக்காதுல்ல. அப்ப எங்கையிதேன் எங்கயோ தப்பாப் போட்டுருக்கும்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

“நீ போட்டப்பவே ஒனக்கு ஒண்ணும் தோணலையா?”

“தோணுச்சு மேடம். ட்ரேயில ஆறிக் கெடந்த பீஸ எடுத்து கேஜ்ல விட்டேன், போகக்கூடாத பக்கமும் போயிருச்சு, அம்புட்டு எளச்சிருந்துச்சு. அதான ஒங்க ரூமுக்கு வந்தேன்.”

ஆமாம், வந்தான். சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப்போகிற நேரம். கையில் ஒரு ஷாஃப்டோடு கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டி, “மேடம், ஒரு சந்தேகம்...” என்றான். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கோடு போட்டுக் கையில குடுத்திருக்கேன்ல? அதப் பாத்துப் போடத் தெரியாதா? ஒவ்வொண்ணுக்கும் வந்து நிப்பீங்களா?” என்று விழுந்தேன். சரி மேடம் என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். லாரி கிளம்ப அப்போது இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவன் கையிலிருந்த ஷாஃப்டை வாங்கி ஒரே ஒரு தடவை அளந்திருந்தால் லாரி கேட்டைத் தாண்டியிருக்காது.

எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது, சொல்ல முடியாத வெட்கம். மாதவனின் ஃபைலுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, நின்றபடியே எழுதினேன். சூடான பீஸை ஆறவிடாமல் அளந்தது நான். தவறான சாய்வு போட்டுக் கொடுத்தது நான். ஆபரேட்டர் சந்தேகம் கேட்டு வந்தபோது விரட்டியதும் நான். தேதி போட்டுக் கையெழுத்திட்டு ஹரீஷ்குமார் முன்னால் வைத்தேன்.

“இத அனுப்பலன்னா நானே பெங்களூருக்குப் போன் போட்டுச் சொல்லிடுவேன் சார்.”

“மெமோ வரும் மேடம்,” என்றார் மாதவன் மெதுவாக. “சஸ்பென்ஷன்கூட வரலாம்.”

“வரட்டும். எழுதுங்க.”

ஹரீஷ்குமார் தாளை இரண்டு முறை படித்தார். பெருமூச்சு விட்டு, ஃபைலிலிருந்து அழகர்சாமியின் தாளை எடுத்து அவனிடமே நீட்டினார். “போப்பா. போய் மெஷினப் பாரு. உன் ஆர்டர் வர்ற தேதியில வரும்.”

அவன் தாளை வாங்கிக்கொண்டான். நகரவில்லை. என்னைப் பார்த்து, “அப்ப எங்கையில தப்பு இல்லையா மேடம்?” என்று கேட்டான்.

“இல்லப்பா.”

“நெசமாவா?”

“இல்லவே இல்ல. எத்தன தடவ சொல்ல?”

படியிறங்கும்போது பின்னாலேயே வந்தான். “ரெண்டு நாளாச் சோறு எறங்கல மேடம். எனக்கு இந்த வேல ஒத்துவராது, கையி சரியில்லன்னு வீட்ல சொல்லிட்டேன். வீட்டுக்குக் குடுத்த அட்வான்ஸத் திருப்பி வாங்கிட்டு ஊருக்கே வந்துர்றேன்னு சொல்லிட்டேன்.”

“போனைப் போடு,” என்றேன்.

“ஆருக்கு மேடம்?”

“உன் பெண்டாட்டிக்குத்தான்யா! போடு.”

சட்டைப்பையிலிருந்து நோக்கியாவை எடுத்துப் போட்டான். மணி போனதும் பிடுங்கிக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், பின்னால் குழந்தை அழுகிறது. அவள் பெயர் வினிதா என்று அவன் பக்கத்திலிருந்து சொன்னான்.

“வினிதா, நான் ஓசூர்ல இருந்து ஜெயமணி பேசுறேன்மா. இன்ஸ்பெக்டர். உன் வீட்டுக்காரன் கையில ஒரு தப்பும் இல்ல. தப்புப் பண்ணது நானு. அவன் கேக்க வந்தான், நான்தான் வெரட்டி விட்டேன்.”

அவள் நிதானமாகச் சொன்னாள்:

“அவுக கையில தப்பு இருக்காதுன்னு நேத்தே சொன்னேன்க்கா. ஒனக்கென்ன தெரியும், மேடத்துக்குக் கணக்கு தப்பவே தப்பாதுன்னு என்னய வைஞ்சிட்டாக.”

போனை அவனிடம் கொடுத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்தேன்.